ரத்த வங்கியின் முதல் எண்

என் தங்கை எதையும் கேட்டு வாங்குகிறவள் இல்லை. எல்லாம் தானாக அவளிடம் போய்ச் சேரும். அதுதான் எனக்கு ஆகாது. கேட்டு வாங்கினால் ‘பேராசைக்காரி’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

எங்கள் வீட்டில் நான் பெரியவள், அவள் சின்னவள். சிறு வயதில் எனக்குச் சிறுத்துப்போன கவுன்கள் அவளுக்குப் போகும். என் மேல் சாக்கு மாதிரித் தொங்கிய கவுன், அவள் போட்டதும் கடைப் பொம்மை போட்ட கவுன் ஆகிவிடும். “உனக்கே எடுத்த மாதிரி இருக்குடி” என்று அம்மா அவளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். எடுத்தது எனக்கு. அது அந்த வீட்டில் ஒருவருக்கும் நினைவிருக்காது.

இந்த வருடம் அந்த வரிசையில் ஓர் ஆஸ்பத்திரியும் சேர்ந்தது.

என் வீட்டுக்காரர் ஒரு சர்வீஸ் கம்பெனி வைத்திருக்கிறார். கம்பெனி என்றதும் கண்ணாடிக் கதவு, வாசலில் காவலாளி என்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் வீட்டு முன்னறைதான் கம்பெனி. அவர், நான், இரண்டு மெக்கானிக்குகள். அந்த ஆஸ்பத்திரியின் குளிர்ப்பெட்டிகள் எல்லாம் எங்கள் பொறுப்பில் இருந்தன. மருந்து அறை, பரிசோதனைக் கூடம், ரத்த வங்கி என்று ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் சூட்டை அளக்கும் சென்சார் இருக்கும். அது சொல்லும் அளவுகளை நாள் தவறாமல் கம்ப்யூட்டரில் சேர்த்து வைப்பது என் வேலை. பெட்டி மக்கர் பண்ணினால் ஓடிப்போய்ச் சரிசெய்வது அவர் வேலை.

ஒப்பந்தம் முடிந்தது. ஆஸ்பத்திரி புது டெண்டர் விட்டது. எடுத்தது யார் என்றால், சின்னவளைக் கட்டியவர். அதாவது என் வீட்டுக்காரரின் சகலை.

செய்தி கேட்டதும் இவர், “நல்லா இருக்கட்டும்” என்றார். நாசமாய்ப் போகட்டும் என்று சொல்கிற அதே குரலில். பிறகு குளிக்கப் போனார். உள்ளே வாளி பட்ட பாட்டைக் கேட்டு அடுத்த வீட்டுக்காரி என்ன விஷயம் என்று எட்டிப் பார்த்தாள்.

எனக்கு அழுகை வரவில்லை, காதில் புகைதான் வந்தது. தோற்றதுகூடப் பரவாயில்லை. ஊர் பேர் தெரியாத ஒரு பெரிய கம்பெனியிடம் தோற்றிருந்தால் ‘காலம் அப்படி’ என்று சொல்லிக்கொள்ளலாம். தங்கச்சி வீட்டில் தோற்றால் அதை விசேஷத்துக்கு விசேஷம் சிரித்துக்கொண்டே பார்க்க வேண்டும்.

ஒப்பந்தத்தில் கடைசிப் பகுதி ஒன்று உண்டு. கையெழுத்துப் போடும்போது ஒருவரும் படிக்காத பகுதி அது. விட்டுப் போகிறவர்கள் வேலையையும் தகவலையும் வருகிறவர்களிடம் முழுதாக ஒப்படைக்க வேண்டும். உட்கார்ந்து சொல்லித் தர வேண்டும். சாவி, பாஸ்வேர்டு எதையும் கையில் வைத்துக்கொள்ளக் கூடாது. எங்களிடம் இருக்கும் பிரதிகளையும் அழித்துவிட்டோம் என்று எழுதித் தர வேண்டும். எல்லாம் முடிந்தால் ஆஸ்பத்திரி ஒரு சான்றிதழ் தரும், ‘இவர்கள் முறையாக ஒப்படைத்தார்கள்’ என்று. அது இல்லாமல் வேறு இடத்தில் டெண்டர் போட முடியாது. ஒரு பெரிய மருந்துக் கிடங்கு ஆள் தேடிக்கொண்டிருந்தது. எங்களுக்கு அதை விட்டால் கதி இல்லை. அந்தச் சான்றிதழை நம்பித்தான் வீட்டில் இனி அடுப்பு எரிய வேண்டும்.

“கேட்டதெல்லாம் குடுத்துடு. கேக்காதத வாயத் தொறந்து சொல்லாத” என்றார் இவர். ஒப்படைப்பைப் பற்றி எங்கள் கம்பெனி வகுத்த சட்டம் அது ஒன்றுதான்.

அந்தப் பக்கம் தகவலை வாங்கிக்கொள்ள யார் வருவார்கள் என்று நினைக்கிறீர்கள். சின்னவளேதான். அவர்கள் கம்பெனியில் என் வேலையை அவள்தான் செய்கிறாள். புது லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து, என் நாற்காலிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். தலைக்கு என்ன போட்டுக் குளிக்கிறாளோ, என் முன்னறை முழுக்க அவள் வாசம்தான்.

“அக்கா, இந்தக் கட்டத்துல ‘க.தி’ன்னு போட்டிருக்கியே, அது என்ன?”

“கதவு திறந்திருந்ததுன்னு அர்த்தம். சூடு ஏறினதுக்கு மெஷின் காரணமில்ல, ஆளுதான் காரணம்னு தெரியணும்ல.”

“இதெல்லாம் நீயா யோசிச்சுப் பண்ணினது? எனக்கெல்லாம் தோணியே இருக்காது.”

மெச்சுகிறாளா, கேலி செய்கிறாளா என்று முகத்தைப் பார்த்தேன். மெச்சத்தான் மெச்சினாள். அவளிடம் அதுதான் கஷ்டம், குற்றம் கண்டுபிடிக்க ஒரு பிடி கிடைக்காது.

நான் வருடக்கணக்கில் சேர்த்து வைத்த அளவுகளை அவள் வாங்கிக்கொண்டு போனாள். சில நாளில் அவற்றைக் கோடும் நிறமுமாகப் படம் போட்டுக் கொண்டுபோய் ஆஸ்பத்திரி மேனேஜரிடம் காட்டியிருக்கிறாள். எந்தப் பெட்டி எந்த மாதத்தில் திணறும் என்பது குழந்தைக்கும் புரிகிற மாதிரி இருந்ததாம். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, “இவ்வளவு நல்ல தகவல் இத்தனை நாள் எங்கம்மா இருந்துச்சு?” என்று கேட்டார்.

எங்கே இருந்தது, என் கம்ப்யூட்டரில்தான் இருந்தது. என் கண்ணைக் கெடுத்துக்கொண்டு நான் அடித்தது. வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டு, “நல்லா இருக்கு சார்” என்றேன். விழுங்கியது வயிற்றில் போய் எரிந்தது.

ஆனால் ஒன்றை நான் கொடுக்கவில்லை.

ரத்த வங்கியில் ஓர் அலாரம் பெட்டி இருக்கிறது. அதற்குள் ஒரு சிம் கார்டு. ரத்தப் பைகள் இருக்கும் குளிர்ப்பெட்டியில் சூடு ஏறினால், அது அங்கே பஸ்ஸர் அடிப்பதோடு போனும் போடும். பஸ்ஸர் விடுமுறை நாளில் பூட்டிய அறைக்குள் அடிக்கும், சுவருக்குத்தான் கேட்கும். அதனால் போன்தான் முக்கியம். பெட்டிக்குள் எண்கள் வரிசையாக இருக்கும். முதல் எண்ணைக் கூப்பிடும். எடுத்தவர் ஒன்றை அமுக்கினால் ‘இவர் பார்த்துக்கொள்வார்’ என்று நம்பி நிறுத்திவிடும். எடுக்காவிட்டால் அடுத்த எண்ணுக்குப் போகும். ஒன்றை அமுக்கிவிட்டு ஒன்றும் செய்யாமல் இருந்தால், அரை மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு மறுபடி முதல் எண்ணிலிருந்து ஆரம்பிக்கும்.

அந்த முதல் எண் என் வீட்டுக்காரருடையது.

அந்தப் பெட்டி கூப்பிட்டால் பாதிச் சாப்பாட்டில் கையை உதறிவிட்டு எழுந்து போவார். நான் கூப்பிட்டால் மூன்றாம் தடவை ‘ம்’ என்பார். எங்களில் மூத்தாள் நானா, அதுவா என்று பல தடவை கேட்டிருக்கிறேன். அவர் வண்டி ஓட்டும்போதும் குளிக்கும்போதும் போனை எடுத்து ஒன்றை அமுக்குவது நான்தான். யோசிக்காமலே என் கட்டைவிரல் அதைச் செய்யும்.

ஒப்படைப்புத் தாளில் ‘அலாரம் அழைக்க வேண்டியவர்: சர்வீஸ் பொறுப்பாளர்’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன். எண் பெட்டிக்குள் இருக்கிறது, மாற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்லவில்லை. கேட்கவில்லை, சொல்லவில்லை. கடைசி நாளில் சின்னவள் லேப்டாப்பை மூடிக்கொண்டே, “வேற ஏதாவது பாக்கி இருக்கா அக்கா?” என்றாள்.

“இல்ல. அவ்வளவுதான்.”

ஒரு நொடி என்னைப் பார்த்தாள். “சரி” என்று எழுந்துவிட்டாள். எங்களிடம் ஒன்றும் மீதி இல்லை என்று எழுதிய தாளில் நான் கையெழுத்துப் போட்டேன். அவளுக்குத் தெரியாத ஒன்று என்னிடம் இருக்கிறது என்ற நினைப்பு அத்தனை ருசியாக இருந்தது.

அதற்குப் பிறகு வந்த முதல் அலாரத்தை மறக்க மாட்டேன். யாரோ குளிர்ப்பெட்டிக் கதவைச் சரியாகச் சாத்தவில்லை. போனில் பெட்டியின் எண்ணைப் பார்த்ததும் இவர் முகம் மலர்ந்துவிட்டது. ஒன்றை அமுக்கிவிட்டுச் சட்டைப் பையில் போனை வைத்துக்கொண்டு தடவினார்.

“இன்னும் என்னத்தான் கூப்பிடுது” என்றார்.

“கைமாறின வீட்டுச் சாவிய வச்சுக்கிட்டு ஜன்னல் வழியா எட்டிப் பாக்கற மாதிரி இருக்கு. அவங்ககிட்ட சொல்லிடுங்க.”

“சர்டிபிகேட் வரட்டும், சொல்லலாம். இப்பச் சொன்னா ‘முழுசா ஒப்படைக்கலை’ன்னு நிறுத்தி வச்சிடுவான்.”

அது உண்மைதான். ஆனால் அது முழு உண்மை இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். யாராவது கதவைச் சாத்திவிடுவார்கள், சூடு இறங்கிவிடும். சில்லறை அலாரங்கள். ஒவ்வொன்று வரும்போதும் வீட்டில் ஒரு சந்தோஷம். வெளியில் கண்டித்தேனே தவிர, உள்ளுக்குள் நானும் காத்திருந்தேன்.

இப்படி இருக்கும்போதுதான் சின்னவள் புது ஃப்ளாட்டுக்குக் குடிபோனாள். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரச் சொன்னாள். இவர் போட்டிருந்த புதுச் சட்டையில் பை இல்லை. போனை என் கைப்பையில் போட்டார்.

போன உடனே அவளும் அவள் வீட்டுக்காரரும் வாசலுக்கே வந்துவிட்டார்கள். “வாங்கண்ணே, வாங்க அண்ணி” என்று அவர் இவரைக் கையைப் பிடித்து ஹாலுக்கு அழைத்துப் போனார். சின்னவள் என்னை வீடு சுற்றிக் காட்டக் கிளம்பினாள்.

சொல்லக் கூடாது, வீடு நன்றாகத்தான் இருந்தது. ஒவ்வொரு அறையிலும் ஜன்னல் சரியான இடத்தில் இருந்தது. எங்கள் வீட்டில் ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டு மோட்டார்தான் தெரியும். அவள் சமையலறை அலமாரியைத் திறந்தாள், அது சத்தமே இல்லாமல் திறந்தது. எங்கள் அலமாரி திறந்தால் தெருவுக்குக் கேட்கும். “இது தேவையே இல்லக்கா, அவர்தான் கேக்கல” என்று ஒவ்வொன்றுக்கும் மன்னிப்புக் கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டு வந்தாள். பீற்றிக்கொண்டிருந்தால் பொறுத்திருப்பேன். அவள் பீற்றிக்கொள்ளாததுதான் என்னைக் கொளுத்தியது.

பால்கனியில் துணி துவைக்கும் மெஷினைக் காட்டிக்கொண்டிருந்தபோது என் கைப்பை அதிர்ந்தது.

எடுத்துப் பார்த்தேன். பெட்டிதான். காதில் வைத்தேன். ரத்த வங்கி, இரண்டாம் குளிர்ப்பெட்டி, ஏழு டிகிரி என்றது. ஆறுக்கு மேல் போகக் கூடாது. சின்னவள் மெஷினுக்குள் தலையை விட்டு ஏதோ விளக்கிக்கொண்டிருந்தாள். இந்த வீட்டில் இருக்கிற எல்லாம் உன்னுடையது, ஆனால் இது என்னைத்தான் கூப்பிடுகிறது என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே ஒன்றை அமுக்கினேன். இந்தத் தடவை கட்டைவிரல் தானாகச் செய்யவில்லை. தெரிந்தே, ஆசையாக அமுக்கினேன்.

“யாருக்கா போன்ல?”

“ஏதோ லோன் வேணுமான்னு கேக்கறான்” என்றேன்.

கதவு திறந்திருக்கும், யாராவது சாத்திவிடுவார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். சாப்பிட உட்கார்ந்தோம். அவள் பரிமாறினாள். ஹாலில் ஆரம்பித்த பேச்சு சாப்பாட்டு மேஜையிலும் தொடர்ந்தது. சகலை எதையோ சொல்லிச் சிரிக்க, இவர் சிரிக்க வேண்டிய இடத்தில் சரியாகச் சிரித்தார். ஞாயிற்றுக்கிழமை ரத்த வங்கிக் கதவை யார் போய்த் திறந்திருக்கப்போகிறார்கள் என்ற கேள்வி அப்போதுதான் வந்தது.

கை கழுவும்போது மறுபடி அதிர்ந்தது. எடுத்தேன், எட்டு டிகிரி என்றது.

ரத்தம் பத்தைத் தாண்டினால் கொட்ட வேண்டியதுதான் என்று இவர் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். அந்தப் பெட்டியில் இருப்பது கடைச் சரக்கு இல்லை. யாரோ கை நீட்டிக் கொடுத்தது, யாரோ உயிருக்குக் காத்திருப்பது. இந்தத் தடவை நான் ஒன்றை அமுக்கவில்லை. கட் பண்ணவும் பயம். அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்த போனை அப்படியே துணியில் சுற்றிக்கொண்டு இவரிடம் போய்க் குனிந்து, “ரெண்டாம் பெட்டி. எட்டு. ஏறிக்கிட்டே இருக்கு. முதல் தடவை நான் அமுக்கிட்டேன்” என்றேன்.

ஒரு கணம் தொழில்காரர் முகம் வந்தது. கண் கூர்மையானது. எழுந்திருக்கப் போனார். பிறகு எதிரே சகலை தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். அந்த முகம் மெல்ல மாறியது. உதடு ஓரத்தில் ஒரு சின்ன அசைவு. சிரிப்பு என்று அதைச் சொல்ல முடியாது.

“அஞ்சு நிமிஷம் பாக்கலாம்” என்றார் மெதுவாக. “அவங்க போன்ல போட்டிருக்கற ஆப்புல காட்டும்ல. பெரிய ஆப்பு. பாக்கட்டும்.”

பொறாமைப்படுகிறவர்களுக்குத் தங்கள் முகம் தெரியாது. இத்தனை நாள் நான் அதை நியாயமான கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் நல்ல மனுஷன். அந்த நல்ல மனுஷனின் முகத்தில் என் முகத்தைப் பார்த்தேன். சான்றிதழ் நினைவுக்கு வந்தது. மருந்துக் கிடங்கு நினைவுக்கு வந்தது. வரட்டும் என்று விட்டுவிட்டு மேஜையைச் சுற்றிப் போனேன்.

“தம்பி, இது உங்களுக்கு வர வேண்டிய போன்” என்று சகலையின் கையில் கொடுத்தேன்.

அவர் காதில் வைத்தார். ஒன்றை அமுக்கினார். எப்படி உங்களிடம் வந்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே, “அண்ணே, வாங்க. அந்தப் பெட்டியோட குணம் உங்களுக்குத்தான் தெரியும். நான் மட்டும் போய் ஒண்ணும் புடுங்க முடியாது” என்றார். இவர் எழுந்தார். அவசரத்தில் சகலையின் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். சகலை இவருடையதை மாட்டிக்கொண்டு பின்னால் ஓடினார்.

நானும் சின்னவளும் எச்சில் தட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தோம். அவள் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுப் பணியில் இருந்த டெக்னீசியனைக் கீழே ஓடச் சொன்னாள். பிறகு இரண்டு பேரும் அவள் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

கொஞ்ச நேரத்தில் அவள் வீட்டுக்காரர் பேசினார். பின்னால் இருக்கும் காற்றாடி நின்றுபோயிருந்ததாம். பைகளை எல்லாம் முதல் பெட்டிக்கு மாற்றிவிட்டார்கள். ஒன்பதைத் தொடவில்லை. டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டு, ஒரு பைகூட வீணில்லை என்று சொல்லிவிட்டார். இவர் காற்றாடியைக் கழற்றிக்கொண்டிருக்கிறார்.

சின்னவள் எனக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தாள். அலாரம் வந்து ஆள் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். எப்போது அடித்தது, யார் ஏற்றுக்கொண்டார்கள், எவ்வளவு நேரத்தில் ஆள் போனார்கள் என்று. திரையில் பெட்டி தன் கணக்கைக் காட்டியது. அவள் அதை வாசித்தாள்.

“முதல் போன் சாப்பிடறதுக்கு முன்னாடியே வந்திருக்கு” என்றாள்.

நான் மேஜையில் சிந்தியிருந்த பருக்கைகளைப் பொறுக்கினேன்.

“அத்தான் அப்ப ஹால்ல உக்காந்திருந்தார். போன் உன் பையில இருந்தது.” பால்கனிப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். “சரி விடு. எல்லாம் தப்பிச்சாச்சு. முதல் போன் சிக்னல் கோளாறுல போகலைன்னு போட்டுடறேன். உங்க சர்டிபிகேட் இந்த வாரம் வருதுல்ல. அது கெட வேண்டாம்.”

“அவர் நம்பர் அதுல இருக்குன்னு உனக்கு...”

“தெரியும்க்கா. பெட்டியத் திறந்து பாத்த அன்னைக்கே தெரியும். எங்க வீட்டுக்காரர் நம்பரை எடுத்துடலாம்னார். நான்தான் வேணாம்னேன்.”

“ஏன்?”

“கடைசி நாள் எல்லாத்தையும் குடுத்துட்டு உங்க வீட்டு வாசல்ல நின்னாரே அத்தான், அவர் மூஞ்சியைப் பாக்க முடியல. அந்தப் பெட்டியாவது அவரைக் கூப்பிட்டுக்கிட்டு இருக்கட்டும்னு நினைச்சேன். பெருசா அலாரம் வந்தா நமக்கு ஒரு போன் பண்ணிச் சொல்லமாட்டாரா, நம்ம அத்தான்தானேன்னு இருந்துட்டோம்.”

அவள் குத்திக்காட்டவில்லை. கெட்டிக்காரத்தனமாகச் செய்துவிட்டோம் என்று நாங்கள் இத்தனை நாள் பொத்திப் பொத்தி வைத்திருந்தது, அவள் போனால் போகிறதென்று எங்களுக்கு விட்டுவைத்தது. அதைவிட ஒன்று சுருக்கென்று தைத்தது. என் வீட்டுக்காரர் வாசலில் நின்றபோது நானும் பக்கத்தில்தான் நின்றேன். நான் பார்த்தது சின்னவளின் புதுக் காரை. அவர் முகத்தைப் பார்த்தவள் இவள். என் புருஷன் மனசுகூட எனக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

இப்போது இன்னும் ஒன்று தரப்போகிறாள். சிக்னல் கோளாறு என்று ஒரு பொய். அவள் பொய் சொல்லி நான் காப்பாற்றப்பட வேண்டும். நாளைக்கு மருந்துக் கிடங்கில் வேலை கிடைத்தால் அதுவும் அவள் போட்ட பிச்சை. அவள் அதை யாரிடமும் சொல்ல மாட்டாள், சாகும்வரை சொல்ல மாட்டாள். அந்த நல்லதனத்தை நினைத்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

லேப்டாப்பை என் பக்கம் இழுத்தேன். அவள் அடித்திருந்ததை அழித்தேன். ‘முதல் அழைப்பை ஏற்றுக்கொண்டது பழைய நிறுவனத்தைச் சேர்ந்த நான். ஏற்றுக்கொண்டு யாருக்கும் தெரிவிக்கவில்லை. ஒப்படைப்பின்போது இந்த எண்ணைப் பற்றிச் சொல்லாததும் நான்’ என்று அடித்தேன். அடிக்க அடிக்க எனக்குத் தெம்பு வந்தது. வீட்டுக்காரர் பெயரை அதில் இழுக்கவில்லை. இதில் நியாயம், நேர்மை எல்லாம் எத்தனை பங்கு என்று கேட்காதீர்கள். அவளை இன்னொரு தடவை நல்லவளாக விடக் கூடாது, அவ்வளவுதான்.

அவள் படித்தாள். முகம் சிவந்தது.

“ஏன்க்கா இப்படிப் பண்ற? நான் பாத்துக்கறேன்னு சொல்றேன்ல.”

“நீ பாத்துக்கிட்டது போதும்.”

“சர்டிபிகேட் போயிடும்.”

“போகட்டும்.”

“போகட்டுமா?” அவள் குரல் உடைந்தது. “எனக்கு ஒரு தடவ குடுக்க விடமாட்டியா நீ? சின்ன வயசிலேருந்து குடுக்கறவ நீ, வாங்கிக்கறவ நான். வாங்கிக்கிட்டு ‘நல்லா இருக்கு’ன்னு சிரிச்சுக்கிட்டே நிக்கறது எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியுமா? உன்னப் பாத்து எத்தனை நாள் வயிறெரிஞ்சிருக்கேன் தெரியுமா? இந்த ஆஸ்பத்திரியும் உன் கை பட்டதுதான். மேனேஜர் மெச்சினாரே, அது நீ சேத்து வச்ச கணக்கை. எனக்குத் தெரியாதா அது?”

இவளுக்கு வயிறெரியும் என்பதே எனக்குச் செய்தி. அதுவும் என்னைப் பார்த்து. என்னிடம் பொறாமைப்பட என்ன இருக்கிறது என்று யோசித்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு லேப்டாப்பைத் தன் பக்கம் வெடுக்கென்று திருப்பினாள். நான் அடித்ததற்குக் கீழே வேகமாக அடித்தாள். எட்டிப் பார்த்தேன். ‘அந்த எண் இருப்பது தெரிந்தும் நீக்காமல் விட்டது புதிய நிறுவனம். அந்த முடிவு என்னுடையது.’

“ஏய், வேணாம். உங்க ஒப்பந்தம் புதுசுடி. தூக்கிடுவாங்க.”

“தூக்கட்டும்” என்றாள். நான் அவள் கையைப் பிடிப்பதற்குள் அனுப்பிவிட்டாள்.

அறிக்கை போய்விட்டது. இரண்டு வீட்டுப் பிழைப்பையும் ஒரே தாளில் வைத்து அனுப்பியிருந்தோம். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மேஜையில் தட்டுகள் காய்ந்துகொண்டிருந்தன.

படியில் பேச்சுக் குரல் கேட்டது. எங்கள் வீட்டுக்காரர்கள்தான். காற்றாடியைத் துடைத்து மாட்டியது சரியா, புதிதாகவே போட்டிருக்க வேண்டுமா என்று சண்டை. இவர் குரலில் பல மாதங்களாகக் காணாத உற்சாகம். “சகலை, நீங்க அந்த ஸ்பேனரைப் பிடிச்ச லட்சணத்துக்கு...” என்று இவர் சொல்ல, அந்த மனுஷன் விழுந்து விழுந்து சிரிக்கிறார். இரண்டு பேருக்கும் ஒன்றும் தெரியாது.

அழைப்பு மணி அடித்தது. நானும் சின்னவளும் ஒரே நேரத்தில் எழுந்தோம்.

“என் வீடு. நான் திறந்து நானே சொல்றேன்” என்றாள்.

“அமுக்கினது நான். நான்தான் சொல்லுவேன்” என்று அவளைத் தள்ளிக்கொண்டு கதவுக்குப் போனேன்.